உயிலுக்கு நன்றி

பள்ளி ஆண்டு விழாவில் கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். சமயக் கல்விக்கென்று நிலத்தையும் பணத்தையும் உயிலில் எழுதி வைத்துவிட்டுக் கண்மூடியவருக்கு நன்றியை எப்படிச் செலுத்துவது? படத்துக்கு மாலை போடுவது நல்ல வழக்கம்தான்; ஆனால் அது போதாது. உயிரோடிருக்கும் கொடையாளர் அடுத்த ஆண்டு வந்து, கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்பார். இறந்தவர் கேட்க மாட்டார். கேட்க மாட்டார் என்று தெரிந்தேதான் நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்க முடியாத கேள்வியை அவருக்காக நாமே கேட்டு, ஊரறியக் கணக்குச் சொல்வதுதான் அந்த நம்பிக்கைக்கு ஏற்ற நன்றி.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில், நரசிங்கப் பெருமாள் கோயிலில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த வேத பாடசாலையில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அதைத் தாங்க 45 வேலி நிலம், இன்றைய அளவில் ஏறத்தாழ 300 ஏக்கர். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுருக்கு 75 பேர், இலக்கணத்தில் ரூபாவதாரம் படிக்க 40 பேர் என்று தலை எண்ணிச் சொல்கிறது. இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் படிக்கும் மூத்தவனுக்கு ஒரு குறுணி இரு நாழி. சோழர் கல்வெட்டுகளில் மன்னன் புகழ் பாட மெய்க்கீர்த்தி உண்டு. ஆனால் பாடசாலைக்குச் சோறு போட்டது மெய்க்கீர்த்தி அல்ல, அதன் கீழே வரும் இந்த நாழிக் கணக்கு. பிற்காலத்தில் யாராவது நெல்லைக் குறைத்தால், எழுத்தறிந்த எவரும் கல்லைக் காட்டிக் கேட்டிருக்கலாம்.

கணக்குக் கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பச்சையப்பர் உயில் சான்று. 1794இல் மறைந்த அவர் தம் செல்வத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் எழுதி வைத்தார். அது பல்லாண்டு காலம் வழக்கில் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு மீட்ட பிறகு, சமயத் தருமங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதில்தான் 1842இல் சென்னையில் பள்ளி பிறந்தது. அதுவே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. கோயிலுக்கென்று எழுதியதில் பள்ளி நடத்துவது அவர் எண்ணத்துக்கு மாறல்லவா என்று கேட்கலாம். அவர் பெயர் சொல்லிய தருமங்களை நிறுத்திவிட்டுப் பள்ளி கட்டியிருந்தால் மாறுதான். முதலில் அவற்றுக்குரியதை எடுத்து வைத்தார்கள். அந்த வரிசையில் நேர்மை இருக்கிறது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. எண்ணாயிரத்துப் பாடசாலையில் ஒரு சாதிப் பிள்ளைகளே வேதம் படித்தார்கள். அந்த 45 வேலியில் உழுதவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பச்சையப்பன் கல்லூரியும் 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தது. விலக்கி வைத்த கொடைக்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன், அது நியாயமானது. நன்றி என்பது கொடுத்தவரின் காலத்துக் குறைகளையும் சேர்த்துக் காப்பாற்றுவது அல்ல. கல்வி நடக்க வேண்டும் என்ற அவர் விருப்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசலை அகலத் திறக்கலாம். 1947இல் கல்லூரி அதைத்தான் செய்தது. அதனால் பச்சையப்பர் சிறுத்துப் போகவில்லை. அவரை நினைக்கக் கடமைப்பட்டவர்கள் பெருகினார்கள். அதேபோல, உழுதவர்களையும் கொடையாளர் வரிசையில் சேர்த்தே எண்ண வேண்டும். நிலத்தை எழுதியவர் ஒருவர், ஆண்டுதோறும் அதை நெல்லாக்கியவர்கள் பலர்.

பெயரில்லாக் கொடையாளர்கள் வேறு வகையிலும் உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். அவருடைய சைவக் கல்விப் பணிக்கு வீடுதோறும் பெண்கள் உலையில் இடுமுன் எடுத்து வைத்த பிடியரிசியும் துணை நின்றது. அவர்கள் உயில் எழுதவில்லை, கல்லில் பெயரும் இல்லை. அவர்களுக்கும் கணக்குச் சொல்வதே நன்றி. கட்டளைச் சொத்தில் நடக்கும் பள்ளிகள் ஆண்டு விழாவில் பெரிய கொடையாளர் படத்துக்கு மாலை போடும்போது, அந்த ஆண்டு வரவு செலவையும் வாசிக்கட்டும். எத்தனை பிள்ளைகள் அதில் படித்தார்கள், சாப்பிட்டார்கள் என்று தலை எண்ணிச் சொல்லட்டும்.