ஹிட்லரைப் புகழும் நாவுகளுக்கு



காஸாவில் குழந்தைகள் கொல்லப்படும் செய்தி வரும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஹிட்லரின் படமும் கூடவே வந்துவிடுகிறது. யூதர்களில் சிலரை ஏன் விட்டுவைத்தான் என்று அவனே கூறியதாக ஒரு வாசகம் அதன் கீழே இருக்கும். அவன் அவ்வாறு கூறியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரமற்ற ஹதீஸை மேடையில் ஒருவர் கூறினால் எழுந்து நின்று கேள்வி கேட்கும் நாம், இந்தப் பொய்யை மட்டும் 'மாஷா அல்லாஹ்' எழுதிப் பிறருக்கு அனுப்புகிறோம். அந்தியூர்த் தேநீர்க் கடைகளிலும் இதே பேச்சுதான். பேசுவோர் இளைஞர்கள் மட்டுமல்லர். ஐவேளைத் தொழுகையாளிகளும் பேசுகின்றனர்.

முஹர்ரம் பத்தாம் நாள் நாம் எதற்காக நோன்பு நோற்கிறோம்? மூஸா (அலை) அவர்களையும் பனூ இஸ்ராயீல்களையும் ஃபிர்அவ்னிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றிய நாள் அது. நாட்டு மக்களைப் பல பிரிவுகளாக்கி, அதில் ஒரு பிரிவினரை நலிவுறச் செய்து, அவர்களின் ஆண் மக்களைக் கொன்றவன் என்றே சூரத்துல் கஸஸ் ஃபிர்அவ்னை அறிமுகம் செய்கிறது. அதே சமூகத்தில் குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 60 லட்சம் பேரைக் கொன்றவனை, ஆஷூரா நோன்பு நோற்ற வாயால் எப்படிப் புகழ்வது?

அவன் எங்கே தொடங்கினான் என்பதையும் பாருங்கள். 1933 ஜனவரி 30 அன்று பதவி ஏற்றான். ஏப்ரல் 1 அன்று யூதர் கடைகளின் வாசலில் சீருடைக்காரர்கள் நின்று, இங்கே வாங்காதீர்கள் என்று மக்களைத் தடுத்தனர். 1935இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. அந்த நாட்டில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! இந்த வரிசை நமக்குப் புதியதா? யூதர்களை ஜெர்மனி வெளியேற்றியது இந்துஸ்தானத்திற்கு நல்ல பாடம் என்று 1939இல் வெளிவந்த தம் நூலில் எழுதியவர் கோல்வல்கர். நம்மை அந்நியர் என்போர் பாடம் கற்ற இடத்தைத்தான் நாம் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

ஹிட்லரின் நண்பன் முசோலினி முஸ்லிம்களுக்குச் செய்தது என்ன? லிபியாவில் ஒரு லட்சம் பேரளவில் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். 1931 செப்டம்பர் 16 அன்று, எழுபது வயதைக் கடந்த ஷைகு உமர் முக்தாரைத் தூக்கிலிட்டனர். அவரும் எங்களைப் போல் பிள்ளைகளுக்குக் குர்ஆன் கற்பித்த உஸ்தாத்தான். 1937இல் அதே முசோலினி திரிப்போலியில் 'இஸ்லாத்தின் வாள்' என்ற ஒன்றைப் பெற்றுக்கொண்டு, தன்னை முஸ்லிம்களின் பாதுகாவலன் என்று அறிவித்தான். அந்த வாள் செய்யப்பட்டது இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில்!

இடையில், 1935இல், அவன் படை அபிசீனியாவுக்குள் புகுந்து நச்சு வாயுவைப் பொழிந்தது. ஸஹாபாக்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் தந்த ஹபஷா மண் அது. சர்வதேச சங்கம் இத்தாலிக்கு எதிராகத் தடைகள் விதித்தது, ஆனால் எண்ணெய்க்குத் தடை இல்லை. கொடுங்கோலர் அதைக் கவனித்துக்கொண்டனர். நான்கே ஆண்டுகளில் போலந்து தாக்கப்பட்டது. உலகப் போர் மூண்டது.

அப்போர் தமிழர் வீடுகளுக்கும் வந்தது. 1940இல் ஹிட்லருடனும் முசோலினியுடனும் உடன்படிக்கை செய்துகொண்ட ஜப்பான், மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசென்றது. காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறைகூட இல்லை.

பாலஸ்தீன முஃப்தி அமீன் அல்ஹுசைனி ஹிட்லரைச் சந்திக்கவில்லையா என்று சிலர் கேட்பர். 1941 நவம்பரில் சந்தித்தார். அரபு விடுதலைக்கு ஆதரவாகப் பகிரங்க அறிவிப்பு ஒன்று கேட்டார், ஹிட்லர் மறுத்துவிட்டான். தவிர, ஒரு மனிதரின் செயல் எப்போது மார்க்க ஆதாரம் ஆயிற்று? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்ற அல்மாயிதாவின் எட்டாம் வசனத்தில் விதிவிலக்கு எதுவும் இல்லை. காஸாவுக்காக நாம் எழுப்பும் குரலுக்கு அந்த வசனம் போதும். ஹிட்லரின் துணை தேவையில்லை.

அல்பேனிய முஸ்லிம்கள் அதைச் செய்துகாட்டினர். 1943இல் நாஜிப் படை வந்தபோது, ஓடிவந்த யூதக் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துவைத்தனர். போர் முடிந்தபோது அந்நாட்டில் யூதர்களின் எண்ணிக்கை, போருக்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது.