எழுத்துரு இல்லாக் கோப்பு

மொழிபெயர்ப்பாளருக்குப் பக்க வடிவமைப்புக் கோப்பை அனுப்புவோர் அதற்குரிய எழுத்துருக்களை உடன் அனுப்பாமை சிறு மறதியன்று, பொறுப்பின்மையாகும். யுனிக்கோட்டிலே தமிழ் 1991 இல் இடம்பெற்றதாயினும், பாமினி எழுத்துருவிலமைந்த பக்கங்கள் இன்றும் நம்மிடையே உலவுகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகவே தோன்றும். யுனிக்கோட்டுப் பக்கமெனினும், வேற்றெழுத்துரு புகின் வரிகள் சட்டகத்துள் அடங்காது இறுதி அடிகள் மறையக்கூடும். பழியோ மொழிபெயர்ப்பாளர்மீது சுமத்தப்படும்.

உரிமம் தடுக்கின்றது என்பர் சிலர். எழுத்துருவைப் பகிர்தலை அது தடுக்கலாம்; அதன் பெயரையும் பதிப்பையும் எழுதி அனுப்புவதையுமா தடுக்கும்? இன்டிசைனில் எழுத்துருக்களையும் படங்களையும் ஒருங்கே தொகுக்கும் கட்டளை உண்டு. வேண்டுவது சில நிமிடமே. அச்சில நிமிடத்தை மறுப்போர், தமிழ் வாசகனுக்குச் சிதைந்த பக்கமே போதுமெனக் கருதுகின்றனர். அதனை நாம் ஏற்றல் தகாது.