புரியாத கணக்கு காட்டாத கணக்கே

2025 டிசம்பரில் கேரள உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் தமிழர் நிறைந்து வாழும் பஞ்சாயத்துகளில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் வாசலில் நின்று தமிழில் பேசினார்கள். இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் அப்படித்தான். தமிழ் பேசும் வார்டுகளில் வேட்பாளர் பெயரைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்பதைத் தேர்தல் ஆணையமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வென்றவர்கள் பதவியேற்றுவிட்டார்கள். இனி ஐந்து ஆண்டுகள் ஊர்ப் பணம் அவர்கள் பொறுப்பில் செலவாகும். அந்தச் செலவின் கணக்கு எந்த மொழியில், எந்த வடிவில் ஊருக்கு வந்து சேரப்போகிறது?

நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊரார் படித்துப் புரிந்துகொள்ள முடியாத கணக்கு, காட்டாத கணக்குதான். அதில் ஒரு ரூபாய்கூடத் திருடு போகாமல் இருக்கலாம், தணிக்கையில் ஒரு தடைகூட எழாமல் இருக்கலாம். அப்போதும் அது குறையுள்ள கணக்கே. பணம் கொடுத்தவருக்கு அது எங்கே போனது என்று தெரியாதவரை, செலவு செய்தவரின் கடமை முடிவதில்லை.

பஞ்சாயத்தின் பணம் சில்லறைப் பணம் அல்ல. 1996 ஆகஸ்ட் 17 அன்று கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதென்று முடிவெடுத்தது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அந்த அளவுக்குத் துணியவில்லை. இன்று ஒரு கிராம பஞ்சாயத்துக்குப் பல வழிகளில் பணம் வருகிறது. மாநில அரசிடமிருந்து வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொதுநோக்கு நிதி. மத்திய நிதிக்குழுவின் மானியம். இவை போக, நம்மிடமே நேரடியாக வசூலிக்கும் கட்டிட வரி, தொழில் வரி, உரிமக் கட்டணங்கள் சேர்ந்த சொந்த நிதி. கட்டிட வரி 2023 ஏப்ரலில் உயர்ந்தது. அதோடு நிற்காமல் ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைக்கு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கட்டுகிறோம். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை மாநில பட்ஜெட்டின் நான்காம் அனுபந்தம் ஒவ்வோர் ஆண்டும் அச்சிட்டே தருகிறது. திருவனந்தபுரத்தில் துல்லியமாகத் தெரிகிற தொகை, வார்டுக்கு வந்து சேரும்போது யாருக்கும் தெரியாத தொகையாகிவிடுவதை எப்படி ஏற்பது?

பட்ஜெட்டும் திட்ட ஆவணமும் தீர்மானமும் மலையாளத்தில் எழுதப்படுகின்றன. அது மாநிலத்தின் ஆட்சிமொழி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையாளம் மட்டும் போதும் என்று நின்றுவிடுவதே குறை. மொழியைத் தாண்டியும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பில் ஓவர், பொதுப் பிரிவு, பட்டியல் சாதியினர் துணைத்திட்டம், சாலை சாராப் பராமரிப்பு என்று தலைப்புகள் அடுக்கிய அட்டவணையை மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தாலும், தன் தெருவுக்கு என்ன கிடைத்தது என்று அவரால் சொல்ல முடியாது. கணக்கருக்காக எழுதிய கணக்கைக் குடிமக்களிடம் அப்படியே நீட்டுவது, மளிகைக் கடைக்காரர் தனக்கு மட்டும் புரிகிற குறிகளில் பற்று நோட்டு எழுதி வைத்துக்கொண்டு பாக்கி கேட்பதைப் போன்றது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கும் வழியைத்தான் நாம் அதிகம் அறிவோம். அதன் நான்காம் பிரிவு அதைவிட வலுவானது. கேட்பதற்கு முன்பே பட்ஜெட் ஒதுக்கீட்டையும் செலவையும் அலுவலகமே வெளியிட வேண்டும். வெளியிடும்போது அந்தப் பகுதியின் மொழியையும், அங்குள்ள மக்களுக்குச் சென்று சேரும் வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வெளியிடும் வழிகளில் அறிவிப்புப் பலகையையும் பொது அறிவிப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் வகை செய்கிறது. 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டமோ, முந்தைய ஆண்டின் கணக்கையும் நிர்வாக அறிக்கையையும் கிராமசபையின் முன் வைக்கச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள் ஒன்றுதான்: கொழிஞ்சாம்பாறையின் கணக்கு கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் புரிய வேண்டும். கூடுதல் சலுகை எதையும் நாம் கேட்கவில்லை. எழுதி வைத்த கடமையைச் செய்யச் சொல்கிறோம்.

புரிகிற கணக்கு வந்தால் என்ன மாறும்? லாரித் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். சிற்றூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். கோடை வந்தால் போர்வெல் இறங்கிவிடும். லாரியில் தண்ணீர் அடிக்க வேண்டியிருக்கும். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. தண்ணீர் நம் ஊரில் எவ்வளவு பெரிய செலவோ, அவ்வளவு பெரிய கணக்கும்கூட.

லாரி எந்த வார்டுக்கு, எந்தத் தேதியில், எத்தனை நடை வந்தது, ஒரு நடைக்கு என்ன வாடகை என்பது அலுவலகத்தின் பில்லில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லாரி வந்ததா, வந்தது பாதி டேங்கா முழு டேங்கா என்பது குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களுக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பில்லை ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே ஒட்டிவையுங்கள். எந்தத் தணிக்கையாளரும் ஓராண்டு கழித்து வந்து கண்டுபிடிக்க முடியாததை அந்தப் பெண்கள் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். கணக்குச் சரியாக இருந்தால் அதைச் சரி என்று சொல்லும் சாட்சிகளும் அவர்களே. நேர்மையான செயலாளருக்கும் நேர்மையான மெம்பருக்கும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

இது வெறும் கற்பனை அல்ல. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு இதைத்தான் செய்தது. பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவில், ஊரார் மொழியில், உரக்கப் படித்தார்கள். செய்யாத வேலைக்கும், வராத ஆளுக்கும் பணம் எடுத்தது அப்போதே அம்பலமானது. அந்த மக்கள் விசாரணைகளின் தொடர்ச்சியாக எழுந்த போராட்டமே நாட்டுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே அமர்ந்திருந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டே கணக்கைப் புரிந்துகொண்டார்கள். எழுத்தறிவில் நாட்டுக்கே முன்னோடியான கேரளத்தில், மக்களுக்குக் கணக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் அது மக்களை அவமதிப்பதாகும்.

தமிழ் மரபிலும் இதற்கு வேர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினர்களையும் வாரியப் பொறுப்புக்குத் தகுதியற்றவர்கள் என்று விதித்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குக் காட்டாமை இவ்வளவு கடுமையாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதே கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தல் முறையைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிற நாம், அந்த விதியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் கதையும் நமக்குப் பாடம். பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு 2000ஆம் ஆண்டு உரிமம் கொடுத்தது அந்தப் பஞ்சாயத்துதான். நிலத்தடி நீர் குறித்துப் புகார்கள் எழுந்து, 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் போராட்டப் பந்தல் போட்ட பிறகு, 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, நீதிமன்றம் வரை சென்று நின்றதும் அதே பஞ்சாயத்துதான். பின்னதற்காக அதைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வரியாகவும் கட்டணமாகவும் என்ன வரும், பதிலுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்ற இரண்டு பத்தியுள்ள ஒரு தாள், உரிமம் தருவதற்கு முன்னால் ஊர் முன் வைக்கப்பட்டிருந்தால் எத்தனை குடும்பங்களின் கஷ்டம் தவிர்க்கப்பட்டிருக்கும்? வருவாய்க் கணக்கு ஊருக்குத் தெரியாமல் எடுக்கப்படும் முடிவின் விலையை ஊர்தான் கொடுக்கிறது.

மறுப்பாகச் சொல்லப்படும் காரணங்களையும் பார்ப்போம். எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பார்கள். இருப்பது உண்மைதான். திட்டங்களுக்குச் சுலேகா, கணக்குக்குச் சாங்க்யா, வரிக்குச் சஞ்சயா என்று கேரளம் உருவாக்கிய மென்பொருள்கள் பாராட்டுக்குரியவை. மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் தளமும் 2020 முதல் இருக்கிறது. ஆனால் காலையில் தென்னந்தோப்புக்கும் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறவர் எந்தத் தளத்தில், எந்தத் தலைப்பின் கீழ் தேடுவார்? தளத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று சொல்வது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது.

தமிழில் எழுத ஆளில்லை என்பார்கள். தமிழ் வழிப் பள்ளிகள் உள்ள வட்டாரம் இது. சிற்றூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் வார்டுதோறும் இருக்கிறார்கள். நான்கு பக்கத் தாளுக்கு ஆள் கிடைக்காது என்பதை நம்ப முடியவில்லை.

கிராமசபைக்கு மக்களே வருவதில்லை என்பார்கள். இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய சபைக்கு, பயனாளிப் பட்டியல் தயாராகும்போது மட்டும் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பெயர் வந்ததா என்று பார்த்துத் திரும்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. லைஃப் திட்ட வீட்டுக்கான 4 லட்சம் ரூபாய் ஒருவருடைய உரிமை என்றால், வார்டின் மற்ற ஒவ்வொரு ரூபாயும் எல்லாருடைய உரிமை. ஆனால் புரியாத தாளைப் படித்துவிட்டு "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று கேட்கும் கூட்டத்துக்கு மக்கள் ஏன் வர வேண்டும் என்பதற்கும் பஞ்சாயத்து பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே புதிய உறுப்பினர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. முதலாவது, ஒவ்வொரு வார்டுக்கும் ஆண்டுதோறும் நான்கு பக்கக் கணக்கு, தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகி வீடு வீடாகப் போக வேண்டும். எங்கிருந்து எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் என்ன வேலைக்குப் போனது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, சாலையோ, வடிகாலோ, அங்கன்வாடிக் கட்டிடமோ, வேலை நடக்கும் இடத்திலேயே மதிப்பீடு, ஒப்பந்ததாரர், முடிக்க வேண்டிய தேதி, கொடுத்த தொகை ஆகியவை இரு மொழியிலும் பலகையில் நிற்க வேண்டும். மூன்றாவது, தணிக்கை அறிக்கையின் தடைகளையும் அவற்றுக்கு அளித்த பதில்களையும் கிராமசபையில் தமிழிலும் படித்துக் காட்ட வேண்டும். நான்காவது, மார்ச் கடைசியில் கருவூலத்தில் வரிசையில் நின்றுபோன பில்கள் எவை, அவை அடுத்த ஆண்டின் பணத்தை எவ்வளவு விழுங்கும் என்பதை ஏப்ரலிலேயே சொல்லிவிட வேண்டும். திருவனந்தபுரத்துக்கும் ஒரு கோரிக்கை: மொழிச் சிறுபான்மையினர் வாழும் பஞ்சாயத்துகளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் அறிக்கை எடுக்கும் வசதியை அரசு தன் மென்பொருளில் சேர்க்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை. மனம் இருந்தால் முதல் ஆண்டிலேயே செய்துவிடலாம். செய்கிற பஞ்சாயத்து எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும் அதைப் பாராட்டுவோம். செய்யாத பஞ்சாயத்தை, அங்கே ஊழல் நிரூபிக்கப்பட்டாலும் நிரூபிக்கப்படாவிட்டாலும், மக்களுக்குத் தவறிழைத்த பஞ்சாயத்து என்றே சொல்வோம். ஊரின் மொழியில் ஓட்டு வாங்கியவர்கள் ஊரின் மொழியில் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமையைத் தவறவிட்டு, ஐந்து ஆண்டு கழித்து அதே வாசலில் மறுபடி ஓட்டுக் கேட்கும் தகுதி யாருக்கும் கிடையாது.