தானியம் தனியே மருந்தாகாது

சிறுதானியங்களைப் பற்றிய பேச்சு ஆய்வின் எல்லையைக் கடந்து வழிபாடாக மாறிக்கொண்டிருக்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு அவற்றை ஊட்டமிகு தானியங்கள் என அரசிதழில் அறிவித்தது. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது; அவ்வாண்டின் நிதிநிலை அறிக்கை ‘ஸ்ரீ அன்ன’ என்ற பெயரையும் முன்வைத்தது. முன்னோர் சிறுதானியம் உண்டதால்தான் நீரிழிவின்றி வாழ்ந்தனர் என்பது, மெய்ப்பிக்கத் தேவையற்ற உண்மைபோல் கருத்தரங்க மேடைகளில் உரைக்கப்படுகிறது. இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறைக்கப்படும் மறுபாதியே கேடு விளைவிப்பது.

வட கர்நாடகத்தின் உணவு மரபு இதற்குத் தக்க சான்று. விஜயபுரா, பாகல்கோட்டை, கலபுரகி மாவட்டங்களின் கரிசல் நிலத்தில், மழை ஓய்ந்தபின் விதைக்கப்படும் சோளம் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே விளைகிறது. அம்மாவில் தட்டப்படும் ரொட்டி, மரபான தட்டில் தனித்து வருவதில்லை. துவரம்பருப்பு, முளைகட்டிய பச்சைப்பயறு, பச்சையாகவே உண்ணப்படும் வெந்தயக்கீரை, முள்ளங்கி, வெங்காயம், நிலக்கடலைப் பொடி, பேயெள்ளுப் பொடி, தயிர் ஆகியவை அதனுடன் சேர்கின்றன. நாரும் புரதமும் கொழுப்பும் கூடும்போது மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது. இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் மட்டுப்படுகிறது. நீரிழிவைத் தடுக்கும் ஆற்றல் இம்மரபுக்கு உண்டெனில், அது இச்சேர்க்கையில்தான் இருக்க வேண்டும்; சோளத்தில் மட்டும் அன்று.

சேர்க்கை அற்ற சோளம் என்ன செய்தது என்பதற்கும் வரலாறு உண்டு. தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழை மக்களிடையே பெலாக்ரா நோய் காணப்பட்டது. வெயில் படும் இடங்களில் தோல் கருத்துத் தடிக்கும். வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தொடரும். ஹைதராபாத்தில் பணியாற்றிய சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல், சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலத்தை இந்நோயுடன் தொடர்புபடுத்தி எழுதினர. அவ்விளக்கம் பின்னர் விவாதத்திற்கு உள்ளானது. ஆயினும் நோயாளிகளின் உணவு பற்றிய உண்மை மாறவில்லை: அவர்கள் உண்டதும் ‘பாரம்பரியத் தானியமே’. அவர்களிடம் இல்லாதிருந்தவை பருப்பும் பாலும் பிறவுமே. இந்த அத்தியாயத்தை விழுங்கிவிட்டு மரபின் புகழ் பாடுவது, வசதியுள்ளோர் தட்டை மட்டும் மரபென்று பெயரிடுவதாகும்.

அண்மைச் சான்றும் இதே திசையைச் சுட்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு, 2023இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. 2025இல் வெளிவந்த அதன் உணவுப் பகுப்பாய்வின்படி, இந்தியரின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு சுமார் 12 விழுக்காடு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பது குறைந்த இடருடன் தொடர்புறவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கைத் தாவரப் புரதமோ பால் புரதமோ ஈடுசெய்தால் இடர் குறையக்கூடும் என்றே அது காட்டியது. இது தொடர்பை உரைக்கும் ஆய்வு. காரணத்தை நிறுவுவது அன்று. எனினும் சிறுதானிய பிஸ்கட்டுக்கும் நூடுல்ஸுக்கும் இதில் எந்த ஆதரவும் இல்லை.

அப்படியாயின் கேள்வி தானியத்தைப் பற்றியது மட்டுமன்று. பருப்பு எங்கே போயிற்று என்பதும் ஆகும். 1961இல் நாளொன்றுக்கு ஒருவருக்கு 69 கிராம் கிடைத்த பருப்பு, 2001இல் 30 கிராமாகச் சரிந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் கிட்டிய பாசனமும் கொள்முதல் உறுதியும் மானாவாரிப் பருப்புக்குக் கிட்டவில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நபருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. அவ்வுரிமையில் பருப்புக்கு இடமில்லை. அரிசியை எடுத்துவிட்டுச் சோளத்தை வைத்தாலும், அந்தப் பை தானியப் பையாகவே எஞ்சும்.

மரபுணவு நாட்பட்ட நோய்களைத் தடுக்கலாம் என்று வாதிடும் அறிஞர்கள், அந்த உணவை முழுமையாகக் கேட்க வேண்டும்: நியாயவிலைக் கடையில் பருப்பு, பள்ளி மதிய உணவில் பயறு, மானாவாரி உழவருக்குத் துவரைக் கொள்முதல். இவற்றைக் கோராத சிறுதானியப் புகழுரை பொதுச் சுகாதாரம் ஆகாது. கலபுரகியில் துவரை விளைவிக்கும் கூலித் தொழிலாளியின் தட்டில் அத்துவரை எத்தனை நாள் விழுகிறது என்பதே அளக்கப்பட வேண்டியது.