காய்ப்பேறிய கைக்கும் நரம்பு உண்டு

கை மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால், "கம்ப்யூட்டர்லயே உட்கார்ந்திருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் மவுஸ் பிடிக்கும் கைக்கு வரும் நோய், கடப்பாரை பிடித்துக் காய்ப்பேறிய கையை அது அண்டாது என்று பலர் நம்புகிறார்கள். இதில் ஏறக்குறைய எல்லாமே தலைகீழ்.

மவுஸை முதலில் பார்த்துவிடலாம். டென்மார்க்கில் 5,600-க்கும் மேற்பட்ட கணினிப் பணியாளர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானது. விசைப்பலகைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம் மட்டும் அறிகுறிகள் கூடியிருந்தன. கணினி வேலையைப் பெரிய ஆபத்தாகக் கருத முடியாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

"உழைத்து உரமேறிய கை தாங்கும்" என்பது அடுத்த வாதம். காய்ப்பு தோலில் விழுவது. நோய் வருவதோ மணிக்கட்டுக்குள். அங்கே கீழும் பக்கமும் எலும்பு, மேலே எளிதில் நெகிழாத தசைநார்ப் பட்டை. அந்தக் குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. அழுத்திப் பிடிப்பதும் மணிக்கட்டை முறுக்குவதும் ஓயாமல் நடந்தால், தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடிக்கிறது. இடம் கூடாது, அழுத்தம்தான் கூடும். 1981-இல் அமெரிக்க மருத்துவர்கள் உள்ளே குழாய் செருகி அளந்தார்கள். நோயில்லாதவர்களுக்குச் சராசரி அழுத்தம் 2.5 மி.மீ. பாதரசம், நோயாளிகளுக்கு 32. நோயாளிகள் மணிக்கட்டை முழுதாக மடக்கியபோது அது 90-ஐத் தாண்டியது. கம்பி கட்டுபவர் நாள் முழுக்க மணிக்கட்டை முறுக்குகிறார், பிரேக்கர் மெஷின்காரரின் கையோ அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எத்தனை வருடம் செய்தாலும் அந்த நரம்புக்கு மட்டும் காய்ப்பு ஏறப்போவதில்லை.

1987-இல் ஆய்வாளர் சில்வர்ஸ்டைனும் சகாக்களும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 652 பேரைச் சோதித்தார்கள். அதிக விசையும் திரும்பத் திரும்ப வரும் அசைவும் சேர்ந்த வேலையில் இருந்தவர்களுக்கு, இரண்டும் குறைந்த வேலையினரைவிட நோய்க்கான வாய்ப்பு 15 மடங்குக்கும் மேல். கோழி இறைச்சி ஆலைகளின் நிலை இன்னும் மோசம். தென் கரோலினாவில் ஓர் ஆலையைப் பற்றி அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 2014-இல் தந்த அறிக்கையில், சோதிக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு இந்நோய்க்கான சான்று இருந்தது. நாளெல்லாம் கோழி அறுக்கிறவர்களைப் 'பழக்கமில்லாத கை' என்று யாரும் சொல்ல முடியாது.

"இது பெண்களுக்கு வரும் நோய், வேலைக்குச் சம்பந்தமில்லை" என்போரும் உண்டு. மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிவைக்கும் சோதனைக்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் ஜார்ஜ் ஃபேலனே ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் இல்லத்தரசிகள், ஆகவே உடலுழைப்பு காரணமல்ல என்பது அவர் கணக்கு. துணி பிழிவதையும் பாத்திரம் தேய்ப்பதையும் உடலுழைப்பில் சேர்க்காத கணக்கு அது!

சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம், உடல் பருமன், பரம்பரை ஆகியவையும் காரணங்களே, மறுக்கவில்லை. கனமான வேலை செய்யும் எல்லோருக்கும் இந்நோய் வருவதுமில்லை. ஆனால் "உனக்குச் சுகர் இருக்கு, அதான்" என்று சொல்லி வேலையை வழக்கிலிருந்து விடுவிப்பது நியாயமில்லை. ஏற்கெனவே நலிந்த நரம்பைத்தான் வேலை இன்னும் சீக்கிரம் நெரிக்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில், விசையோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டின் கோணல் நிலை ஆகியவற்றால் வரும் கார்ப்பல் டனல் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது.

மிச்சமிருப்பது, இது வெறும் 'வாயுப் பிடிப்பு' என்ற நம்பிக்கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பி, நடு இரவில் கையை உதறிக்கொண்டு எழ வேண்டியிருந்தால் அது வாயு இல்லை. தைலம் தேய்த்து நாள் கடத்தாதீர்கள். கட்டைவிரல் அடியிலுள்ள சதை வற்றிவிட்டால், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பழைய வலு முழுதாகத் திரும்பாமல் போகலாம். மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.