4 கோடி டாலரும் ஒரு பஸ் வாடகையும்

லாஸ் ஏஞ்சல்ஸ் எக்ஸ்பிரஸ் என்று ஒரு டீம் இருந்தது. ரயில் இல்லைங்க, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால் டீம். யு.எஸ்.எஃப்.எல். என்ற புது லீக்கில் 1983-ல் பிறந்து 1985-ல் போய்ச் சேர்ந்துவிட்டது. என்.எஃப்.எல். ஆடாத வசந்த காலத்தில் ஆடினால் கூட்டம் வரும் என்பது லீக்கின் கணக்கு.

இந்த டீமைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஸ்டீவ் யங்கைத்தான் திட்டுகிறார்கள். 1984-ல் கல்லூரி முடித்து வந்த பையனுக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தம்! அதனால்தான் டீம் திவாலானதாம். பி.காம். படிக்கிறவன் என்ற முறையில் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் பெரும்பகுதி ஆன்யுட்டி, பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய பணம். 10% வட்டி வைத்துப் பாருங்கள், 30 வருடம் கழித்து வரும் 100 டாலரின் இன்றைய மதிப்பு 6 டாலர் கூடத் தேறாது. 4 கோடி என்பது பேப்பர்காரர்களுக்குக் கிடைத்த தலைப்பு, அவ்வளவுதான்.

உண்மையான ஓட்டை முதலாளியிடம் இருந்தது. வில்லியம் ஓல்டன்பர்க் என்ற அந்த மனிதர் பெரும் பணக்காரராகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரே வருடத்தில் அவருடைய நிதி சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டது, 1985-ல் லீக்கே டீமைத் தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. வாங்குபவரின் பேலன்ஸ் ஷீட்டை ஒழுங்காகப் பார்க்காமல் டீமைக் கொடுத்தவர்களை யாரும் திட்டக் காணோம்!

டீம் ஒன்றும் மட்டமில்லை. 1984 ஜூன் 30 அன்று மிச்சிகன் பாந்தர்ஸை 27-21 என்று ஜெயித்தார்கள். மூன்று ஓவர்டைம், 93 நிமிடம் 33 விநாடி, தொழில்முறை ஃபுட்பாலில் மிக நீளமான ஆட்டம். 90,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய கொலிசியத்தில் அதைப் பார்த்தவர்கள் 8,000 பேர் கூட இல்லை. பாவம்.

அடுத்த வருடம் 18 ஆட்டத்தில் 3 வெற்றி. கடைசி உள்ளூர் ஆட்டம் பியர்ஸ் காலேஜ் மைதானத்தில். பணம் வராமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று பஸ் டிரைவர் சொல்லிவிட, வீரர்களே கைக்காசு போட்டுக் கிளம்பிய கதையும் உண்டு. ஓடுகிறவர்கள் எல்லாரும் காயத்தில் விழ, குவார்ட்டர்பேக்கான யங்கே ரன்னிங் பேக்காக இறங்கி ஆடினார். அவரைப் போய்த் திட்டுகிறீர்களே!

அவர் தப்பித்தார், பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு சூப்பர் பவுலே வென்று கொடுத்தார். லீக்? என்.எஃப்.எல். ஏகபோகம் செய்கிறது என்று வழக்குப் போட்டு 1986-ல் ஜெயித்தது. நஷ்ட ஈடு 1 டாலர். சட்டப்படி மூன்று மடங்காக்கி 3 டாலர். பஸ் வாடகைக்குக் கூட ஆகாது.