காதுக்கு விலையா, பெயருக்கு விலையா?

மாலையில் வேலை முடிந்து நீலசந்திரா கடைவீதி வழியாக வீடு திரும்பும் தமிழர்களில் பலருடைய காதில் இயர்போன் இருக்கிறது. பேருந்துக் கூட்டத்தில் அதுதான் அவர்களுக்குத் துணை. சனிக்கிழமை இரவு கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் போகும் பயணத்திலும் அதுவே துணை.

அந்தத் துணை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அதற்காக ஒரு மாதச் சம்பளத்தைத் தவணையில் கொட்டிக் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

1979-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் அதன் பிறகு உலகெங்கும் பரவியது. அன்று பாடும் பெட்டிக்குத்தான் விலை. காதில் வைப்பது அதோடு சேர்ந்து வந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2020-ல் ஆப்பிள் நிறுவனம் இந்தியாவில் அறிவித்த ஒரு ஹெட்போனின் விலை ரூ.59,900!

விலை உயர்ந்தால் ஒலியும் உயருமா? 283 ஹெட்போன்களை அளந்து பார்த்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் வெளியானது. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அவை எப்படித் தருகின்றன என்பதற்கும், அவற்றின் விலைக்கும் தொடர்பு இல்லை என்பதே அதன் முடிவு.

சில பெட்டிகளில் '40,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற அதுவும் குறையும். கேட்காத ஒலிக்குப் பணம் எதற்கு?

வயர் இல்லாத இயர்போனுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது. ஆயிரம் ரூபாய் பொருளானாலும், இருபதாயிரம் ரூபாய் பொருளானாலும் இதே கதைதான். வயர் வைத்த இயர்போனோ அறுந்தால் ஈயம் வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

"உழைப்பவன் தன் ஆசைக்குச் செலவு செய்யக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். ஆசைக்கு என்று தெரிந்து வாங்கினால் தவறில்லை. காதுக்கு நல்லது என்று நம்பி வாங்குவதுதான் ஏமாற்றம்.

கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தகுந்தது ஒன்று உண்டு. அது, வெளிச் சத்தத்தைத் தடுக்கும் தன்மை. பேருந்து இரைச்சலை அமுக்குவதற்காகத்தான் பலர் ஒலியைக் கூட்டி வைக்கிறார்கள். காதில் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனை இருந்தாலே பாதிக் கவலை தீரும். அதற்குப் பெரிய தொகை தேவையில்லை. ஆனால், சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். தொழிற்சாலை இரைச்சலில் நாளெல்லாம் நிற்பவர்கள் இதை மறக்கக் கூடாது. போன கேள்வித்திறன் திரும்பி வராது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இயர்போன் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. பாதுகாக்க வேண்டியது அதைத்தான்.